பூந்திக்கு இப்போது பல் இல்லை

நான் ஒரு தனியார் கம்பெனியில் கணக்கு எழுதுகிறவள். வீட்டுச் செலவையும் நோட்டில் எழுதிவைக்கும் பழக்கம் உண்டு. அதில் எங்கள் பூனையின் பெயரான "பூந்தி" என்று தலைப்புப் போட்ட பக்கம் ஒன்று இருக்கிறது. 2022 மார்ச்சில் தொடங்கி 2023 டிசம்பரில் முடிகிற அந்தப் பக்கத்தின் கூட்டுத்தொகை 82,650 ரூபாய். அதில் 27,650 ரூபாய் வீண். சும்மா ஒரு பேச்சுக்குச் சொல்லவில்லை, எந்தெந்த வரி வீண் என்று விரல் வைத்துக் காட்ட முடியும். பணம்கூடப் போகட்டும். ஒரு வாயில்லாத ஜீவன், அதுவும் வாயிலேயே, இரண்டு வருஷம் வலியோடு இருந்ததை நான் "கொழுப்பு" என்று திட்டியிருக்கிறேன். அதை எந்தப் பக்கத்தில் எழுதுவது?

பூந்தி 2019 ஐப்பசி மழையில் திருச்சி உறையூரில் எங்கள் வீட்டுத் திண்ணைக்கடியில் வந்து ஒண்டிய குட்டி. மஞ்சள் நிறம், அதனால் அந்தப் பெயர். அம்மாவும் நானும் மட்டும் இருக்கிற வீட்டில் மூன்றாவது ஆளாகிவிட்டான். இரண்டு வயது தாண்டியதும் சாப்பாட்டில் முரண்டு ஆரம்பித்தது. தட்டைப் பார்த்ததும் ஓடிவருவான், ஒரு வாய் எடுப்பான், தலையை உதறுவான், தட்டைப் பார்த்து சீறிவிட்டு ஓடிவிடுவான். அந்தச் சாப்பாடு பிடிக்கவில்லை என்று நினைத்தேன். ஏழு வகைத் தீனி மாற்றிப் பார்த்தேன், அதற்கு மட்டும் 6,000 ரூபாய். மீனை வேகவைத்து முள் எடுத்துப் பிசைந்து கொடுத்தால் கொஞ்சம் தின்பான். "பார்த்தியா, மீனுன்னா இறங்குது" என்று அம்மாவிடம் சொன்னேன். மெத்தென்று இருந்ததால்தான் இறங்கியது என்பது எனக்கு உறைக்கவே இல்லை.

இன்னும் நிறைய தடயம் இருந்திருக்கிறது. நாளெல்லாம் நக்கி நக்கிப் பளபளவென்று இருந்தவன் நக்குவதையே நிறுத்திவிட்டான், முதுகில் முடி சிக்குப் பிடித்தது. முன்னங்கால்களின் உட்பக்கம் பழுப்பாகக் கறை, எச்சிலைக் காலால் துடைத்துத் துடைத்து வந்த கறை அது. கொட்டாவி விட வாயைத் திறப்பான், பாதியில் "மியா" என்று கத்திவிட்டு மூடிக்கொள்வான். பக்கத்தில் வந்து படுத்தால் அழுகிய நாற்றம். பூனை வாய் நாறத்தான் செய்யும் என்று நானே எனக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டேன். நாறாது. நோயில்லாத பூனையின் வாய், நாய் வாய், கிட்டப் போனால் சாப்பிட்டது லேசாக மணக்கும், அவ்வளவுதான். நாற்றம் அடித்தால் உள்ளே ஏதோ அழுகுகிறது. இந்த ஒரு விஷயத்தை யாராவது 2021இல் சொல்லியிருந்தால் போதும், மீதிக் கதையே நடந்திருக்காது.

ஒருநாள் எச்சிலில் ரத்தம் பார்த்தபிறகுதான் பதறினேன். அம்மா உடனே, "வாய்ப்புண்ணுக்கு மணத்தக்காளிக் கீரையைத் தேங்காய்ப்பால் விட்டுக் குடுடி" என்றாள். நான் சிரித்துவிட்டேன், ஆனால் அம்மா சொன்னதில் பாதி சரி. அது வாய்ப்புண்தான். பக்கத்தில் ஒரு கிளினிக்கில் வாயைத் திறந்து பார்த்த டாக்டர், ஈறெல்லாம் சிவந்திருக்கிறது என்று ஒரு ஊசி போட்டார். அதிசயம்! மறுநாள் பூந்தி ஒரு கிண்ணத்தைக் காலி செய்தான். நான் அந்த டாக்டரைக் கையெடுத்துக் கும்பிட்டேன். இரண்டு மாதம் கழித்துத் திரும்ப வந்தது. திரும்ப ஊசி. இந்த முறை ஒன்றரை மாதம் தாங்கியது. அப்புறம் ஒரு மாதம். கடைசியில் மூன்று வாரம்கூடத் தாங்கவில்லை. பதினான்கு மாதத்தில் பதினொரு ஊசி, ஒவ்வொன்றும் 450 ரூபாய். அது நாள்பட வேலை செய்கிற ஸ்டீராய்டு ஊசி என்று எட்டாவது தடவைதான் கேட்டுத் தெரிந்துகொண்டேன். வீக்கத்தை அமுக்கும், பசியைக் கிளப்பும், வியாதியைத் தொடாது. திரும்பத் திரும்பப் போட்டால் பூனைக்குச் சர்க்கரை நோய் வரலாம். ஸ்டீராய்டே கூடாது என்று நான் சொல்ல வரவில்லை, அதற்கென்று இடம் இருக்கிறது. ஆனால் ஒரே ஊசியை மூன்றாவது தடவை போடும்போதாவது, "இது எதனால் வருகிறது, இதற்கு முடிவு என்ன?" என்று கேட்டுவிடுங்கள். நான் கேட்கவில்லை. டாக்டரிடம் எதிர்க் கேள்வி கேட்டால் தப்பாக நினைப்பாரோ என்ற கூச்சம்.

இதற்கிடையில் நான் செய்ய இருந்த ஒரு பெரிய தப்பைச் சொல்கிறேன். ஒரு ராத்திரி அவன் வலியில் மூலையில் ஒடுங்கி உட்கார்ந்திருந்தான். மெடிக்கலில் போய்க் கேட்டேன். "சின்னக் குழந்தைக்குக் குடுக்கிற பாராசிட்டமால் சிரப் கால் ஸ்பூன் குடுங்கக்கா, ஒண்ணும் பண்ணாது" என்றார் கடைத்தம்பி. வாங்கிவந்தும் விட்டேன். எதற்கும் கேட்போமே என்று டாக்டருக்குப் போன் போட்டதால் பூந்தி பிழைத்தான். பூனைக்குப் பாராசிட்டமால் விஷம். அதை உடைத்து வெளியேற்றும் வேலையைச் செய்ய வேண்டிய நொதி பூனையின் ஈரலில் போதுமான அளவு கிடையாது. கொஞ்சம் போனாலே ரத்தத்தால் பிராணவாயுவைச் சுமக்க முடியாமல் போய்விடும். பல்வலிக்குப் பஞ்சில் நனைத்து வைப்போமே கிராம்புத் தைலம், அதுவும் பூனைக்கு ஆகாது. நமக்குப் பல்வலி வந்தால் வாங்கும் இபுப்ரோஃபென் நாய், பூனை இரண்டுக்கும் கெடுதல். வீட்டு மருந்துப்பெட்டியை மூடியே வையுங்கள்.

2023 ஜூனில் அதே கிளினிக்கில், பல்லைப் பிடுங்கிப் பார்க்கலாம் என்றார்கள். வீட்டில் ஒரே ரகளை. "பல்லைப் பிடுங்கிட்டா அது எப்படித் திங்கும்? மாட்டாஸ்பத்திரியில இப்படியெல்லாமா பண்றாங்க?" என்று அம்மா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. எனக்கும் பயம்தான். ஆனால் 4.1 கிலோ இருந்தவன் அப்போது 3 கிலோவுக்குக் கீழே வந்துவிட்டான். சரி என்றேன். ரத்தப் பரிசோதனை செய்தார்கள், ஊசியில் மயக்கம் கொடுத்தார்கள், பார்வைக்குக் கெட்டிருந்த ஒன்பது பல்லை எடுத்தார்கள். எல்லாம் சேர்த்து 13,500 ரூபாய். எக்ஸ்ரே எடுக்கவில்லை. "சில பல்லுல வேர் உடைஞ்சு நின்னுடுச்சு மேடம், அது தானா கரைஞ்சிடும்" என்று சொன்னார்கள். நானும் தலையாட்டினேன். அவர்கள் கெட்டவர்கள் இல்லை, தெரிந்ததைச் செய்தார்கள். ஆனால் அவர்களிடம் அதற்கான கருவியும் இல்லை, பழக்கமும் இல்லை. அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டிய ஆள் நான்.

அந்த ஆபரேஷனுக்குப் பிறகு மூன்று நாள் பூந்தி எதையும் தொடவில்லை. வலி மருந்து என்று ஒரு நாளைக்குத்தான் கொடுத்திருந்தார்கள். பூனை விஷயத்தில் இது நாய் மாதிரி இல்லை. இரண்டு மூன்று நாள் பட்டினி கிடந்தாலே உடம்புக் கொழுப்பெல்லாம் ஈரலில் போய்ச் சேர்ந்து ஈரல் படுத்துவிடும் அபாயம் உண்டு. அதைப் படித்துவிட்டு நான் பைத்தியம் மாதிரி ஆகிவிட்டேன். ஆபீஸுக்கு லீவு போட்டுவிட்டு, துண்டில் சுற்றி மடியில் அமுக்கி, தையல் போட்ட வாய்க்குள் ஊசியில்லாத சிரிஞ்சால் கஞ்சி மாதிரி தீனியைத் தள்ளினேன். அவன் கத்துவான், நான் அழுவேன், அம்மா கதவுக்கு வெளியே நின்று "விட்டுடுடி, பாவம்டி" என்பாள். அதன்பிறகு ஒரு மாதம் என்னைக் கண்டாலே கட்டிலுக்கடியில் போய்விடுவான். அந்த வேதனை இப்போதும் எனக்கு இருக்கிறது. ஆகஸ்டில் நாற்றம் திரும்பியது, எச்சில் திரும்பியது. மறுபடி காட்டப்போன செலவு, மருந்து எல்லாமாக 3,200.

பல் வைத்தியத்துக்கென்று தனி எக்ஸ்ரே வைத்திருக்கும் கால்நடை டாக்டர்கள் இருக்கிறார்கள் என்பதே எனக்கு அப்போதுதான் தெரிந்தது. பத்துப் பன்னிரண்டு இடங்களுக்குப் போன் போட்டு, சென்னையில் ஒரு இடம் பிடித்தேன். நவம்பரில் கார் எடுத்துக்கொண்டு போனோம். போகவர 10,500, அப்படி இரண்டு தடவை. மாம்பலத்தில் சித்தி வீட்டில் தங்கல். கூண்டுக்குள் என் பழைய நைட்டியைப் போட்டிருந்தேன். செங்கல்பட்டு தாண்டும்வரை கத்திக்கொண்டே வந்தவன் அதற்குமேல் தெம்பில்லாமல் படுத்துவிட்டான்.

அந்த டாக்டர் முதலில் செய்தது, நாற்காலியைக் காட்டி என்னை உட்காரச் சொன்னது. பிறகு பூந்தியின் வாயைத் திறந்து, கடைவாய்ப்பல்லுக்கும் பின்னால், தொண்டை ஆரம்பிக்கும் மூலை இரண்டையும் காட்டினார். பச்சை மாமிசம் மாதிரி புடைத்திருந்தது. "ஈறு மட்டும் சிவந்தா அது வேற. இந்த மூலை இப்படி இருந்தா ஸ்டொமடைட்டிஸ்" என்றார். பல்லின்மேல் எப்போதும் படிகிற கிருமிப் படலம் இருக்கிறதே, சில பூனைகளின் உடம்பு அதைத் தாங்காமல் அளவுக்கு மீறிச் சண்டை போடுகிறது. அந்தச் சண்டையில்தான் வாய் வெந்துபோகிறது. கலிசிவைரஸ் என்ற பூனைச்சளி வைரஸும் இதில் அடிக்கடி கூட இருக்கும். படலம் தங்குவதற்குப் பல் இருக்கும்வரை சண்டை ஓயாது. உள்ளே வேர்த்துண்டு நின்றாலும் ஓயாது. வேரை விட்டுவைக்கலாம் என்பது, பல் தானே கரைந்து எலும்போடு ஒன்றிப்போகிற வேறொரு பூனைவியாதியில் சில பற்களுக்கு மட்டும் சரி. அதையும் எக்ஸ்ரே பார்த்துத்தான் முடிவு செய்ய முடியும். எனக்குச் சொல்லப்பட்டது அந்த வியாதியின் நியாயம், என் பூனைக்கு இருந்ததோ இந்த வியாதி.

பூனைக்கு மொத்தம் முப்பது பல். பின்பக்கப் பற்கள் பதினான்கை மட்டும் எடுத்தாலே பல பூனைகளுக்குப் போதும், கோரைப்பல்லையும் முன்பல்லையும் விட்டுவைக்கலாம். பூந்திக்குக் கோரைப்பல்லைச் சுற்றியும் ஈறு வெந்திருந்ததால் எல்லாமே போக வேண்டும் என்றார். அம்மாவின் கேள்வியை நான் கேட்டேன், எப்படிச் சாப்பிடுவான்? டாக்டர் சிரித்துவிட்டு, "பூனை மெல்லுறதில்லைங்க. அதோட தாடை மேலயும் கீழயும்தான் போகும், நம்மள மாதிரி அரைக்காது. வெட்டி முழுங்கும். உங்க வீட்டுல எலி பிடிச்சா திங்கப்போறான்? தட்டுல இருக்கிறதை நாக்கால வாரி முழுங்கிடுவான்" என்றார். கூடவே இன்னொன்றையும் மறைக்காமல் சொன்னார். எல்லாப் பல்லையும் எடுத்தாலும் பத்தில் ஆறு ஏழு பூனைதான் நன்றாகத் தேறும், மீதிக்கு மருந்து தொடர வேண்டியிருக்கும், சிலதுக்குப் பலனே இருக்காது, தேறுகிறவையும் தேற மாதக்கணக்காகலாம். அதைக் கேட்டபிறகுதான் எனக்கு அவர்மேல் நம்பிக்கை வந்தது.

இரண்டு ஆபரேஷன் பார்த்தவள் என்ற முறையில், கத்தி வைப்பதற்கு முன்னால் என்னென்ன கேட்க வேண்டும் என்று இப்போது எனக்குத் தெரியும். முதல் கேள்வி, வாய்க்குள் சின்னத் தகடு வைத்து எடுக்கும் பல் எக்ஸ்ரே இருக்கிறதா, எடுப்பதற்கு முன்னும் எடுத்த பின்னும் படம் எடுப்பீர்களா, பிந்தைய படத்தை எனக்குக் காட்டுவீர்களா? ஈறுக்கு மேலே தெரிவது பாதிப் பல்தான், வியாதி இருப்பது கீழ்ப்பாதியில். அடுத்து, மூச்சுக்குழாயில் டியூப் போட்டு மயக்கம் கொடுப்பீர்களா? பல் வேலையில் தண்ணீரும் ரத்தமும் வழிந்துகொண்டே இருக்கும், டியூப் இல்லாவிட்டால் நுரையீரலுக்குள் இறங்கும். முதல் தடவை பூந்திக்கு டியூப் போடவில்லை, ஒன்றும் ஆகாதது எங்கள் அதிர்ஷ்டம். பல்லை எடுக்கிறவரைத் தவிர மயக்கத்தை மட்டும் பார்க்க ஒரு ஆள் உண்டா, உடம்பு சூடு குறையாமல் பார்ப்பீர்களா என்பதையும் கேளுங்கள். இரண்டு மூன்று வேர் உள்ள பல்லை டிரில்லால் பிளந்து ஒவ்வொரு வேராக எடுக்க வேண்டும், அப்படியே பிடித்து இழுத்தால் வேர் உடையும், பூனையின் மெல்லிய கீழ்த்தாடையே முறியலாம். டிரில் இருக்கிறதா என்று கேட்பது அவமரியாதை இல்லை. பூனைக்காரர்களுக்கு மட்டும் இன்னொன்று: வாயைத் திறந்தே வைத்திருக்க ஸ்பிரிங் வைத்த கருவி போடுவீர்களா என்று கேளுங்கள். அளவுக்கு மீறி அகலத் திறந்து வைத்தால் கண்ணுக்கும் மூளைக்கும் போகிற ரத்தம் தடைபட்டு, மயக்கம் தெளியும்போது பார்வை போயிருக்கும் பூனைகள் உண்டு. கடைசியாக, வலிக்கு என்ன, எத்தனை நாளைக்கு? சாப்பிடாவிட்டால் என்ன திட்டம்?

ஆபரேஷன் மூன்று மணி நேரத்துக்கு மேல் போனது. வெளியே பெஞ்சில் தனியாக உட்கார்ந்திருந்தேன். ஒரு ஃபாரத்தில் கையெழுத்து வாங்கியிருந்தார்கள், உயிருக்கு ஆபத்து நேரலாம் என்ற வரி அதில் இருந்தது. வாயைக் காப்பாற்றப்போய் உயிரையே விடப்போகிறானோ, பேசாமல் ஊசி போட்டே ஓட்டியிருக்கலாமோ என்று மனது எங்கெங்கோ போனது. பிறகு கூப்பிட்டுத் திரையில் படம் காட்டினார்கள். முன்பு எடுத்த படத்தில் ஆறு இடத்தில் பழைய வேர்த்துண்டு வெள்ளையாக நின்றிருந்தது. பின்பு எடுத்ததில் ஒன்றும் இல்லை, வரிசையாகக் காலிக் குழிகள். ரத்தப் பரிசோதனை, பூனை எய்ட்ஸ், லுகீமியா இரண்டுக்குமான பரிசோதனை, எக்ஸ்ரே, இரண்டு நாள் அங்கேயே வைத்திருந்தது எல்லாமாக 34,000. அந்த இரண்டு பரிசோதனையும் நல்லபடி வந்தது. இதை முதல் ஊசிக்கு முன்பே செய்திருக்க வேண்டும்.

சாப்பாட்டுக்குக் கழுத்துப் பக்கமாக உணவுக்குழாயில் ஒரு டியூப் போட்டிருந்தார்கள். பார்த்ததும் எனக்குத் தலை சுற்றியது. ஆனால் கொடுத்த காசுக்கு அதற்கு இணை வேறெதுவும் இல்லை. தீனியை மிக்ஸியில் மைய அரைத்து வடிகட்டி, வெதுவெதுப்பாக, நாலு மணி நேரத்துக்கு ஒருமுறை மெதுவாக ஏற்ற வேண்டும். முன்னும் பின்னும் கொஞ்சம் வெந்நீர் விட்டு அலச வேண்டும், இல்லாவிட்டால் அடைத்துக்கொள்ளும். மருந்தும் அதிலேயே போய்விடும். வாயைத் தொடவே வேண்டாம். அவன் என் மடியில் படுத்து சுகமாகக் குர்குர் என்று சத்தமிட்டுக்கொண்டே சாப்பாடு ஏற்றிக்கொண்டான். ஐந்தாம் நாள் கிண்ணத்தில் மீன் கரைசலைத் தானாக நக்கினான். ஒன்பதாம் நாள் திருச்சியிலேயே டியூபை எடுத்துவிட்டார்கள். தையல் தானாகக் கரைகிற வகை. மூன்றாவது வாரம் எச்சில் நின்றது. நாற்றம் எப்போது போனது என்று சரியாகச் சொல்லத் தெரியவில்லை, ஒருநாள் தலையணையில் என் முகத்தோடு முகம் வைத்துப் படுத்திருந்தபோதுதான் கவனித்தேன்.

நாய் வைத்திருப்பவர்களுக்கும் இரண்டு வார்த்தை. ஆபீஸில் கூட வேலை பார்க்கும் ஒருவர் வீட்டு நாய்க்குக் கண்ணுக்குக் கீழே வீங்கி, உடைந்து சீழ் வந்து, ஆறி, மறுபடி வீங்கிக்கொண்டே இருந்தது. கண்சொட்டு மருந்தும் ஆன்டிபயாட்டிக்குமாக நாலு மாதம். சென்னை டாக்டரிடம் நாய்ப் பல் பற்றியும் கேட்டுவைத்திருந்ததால், "அண்ணே, எலும்பு குடுப்பீங்களா?" என்றேன். தினமும் நல்லி எலும்பாம். மேல்வரிசையில் இருக்கிற பெரிய கடைவாய்ப்பல்லுக்கு மூன்று வேர், அதன் நுனி கண்ணுக்குக் கீழே போய் நிற்கும். கெட்டி எலும்பைக் கடித்துப் பல் சீவிக்கொண்டு போனால் உள்ளே சீழ் கட்டி அங்கேதான் வீங்கும். ஆன்டிபயாட்டிக் வீக்கத்தை வற்றவைக்கும், பல்லைச் சரிசெய்யாது. அந்த நாய்க்கும் அதுதான் இருந்தது. இன்னொன்று, நாய்க்கு முடிவெட்டும் இடங்களில் மயக்கம் இல்லாமலே பல்லில் படிந்த காறையைச் சுரண்டித் தருகிறார்கள். பல் வெள்ளையாகத் தெரியும், ஈறுக்கு அடியில் இருப்பது அப்படியே இருக்கும். சரியாகிவிட்டது என்று நாம் நிம்மதியாக இருக்கிற காலத்தில் அது வேரைத் தின்னும்.

செலவு முடியாதவர்கள் வேப்பேரி, நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலி என்று அரசு கால்நடை மருத்துவக் கல்லூரிகளில் முதலில் விசாரித்துப் பாருங்கள். போகும் முன் போனில் பல் எக்ஸ்ரே பற்றிக் கேட்டுக்கொள்வது நல்லது. குட்டி வைத்திருப்பவர்கள் பல் தேய்த்துப் பழக்கிவிடுங்கள். விரலில் துணி சுற்றி ஆரம்பித்தால் போதும். நம் பேஸ்ட் வேண்டாம், அதில் சைலிட்டால் இருந்தால் நாய்க்கு விஷம், நுரையையும் அதுகளுக்குத் துப்பத் தெரியாது.

பூந்தி இப்போது 4.4 கிலோ. ஆறு மாதத்துக்கு ஒருமுறை வாயைக் காட்டுகிறேன். இடது பின்மூலையில் லேசாக ஒரு சிவப்பு இன்னும் மிச்சம் இருக்கிறது, தொந்தரவு இல்லாதவரை விட்டுவைக்கலாம் என்றார்கள். போன வாரம் அம்மா வறுக்க எடுத்துவைத்த நெத்திலிக் கருவாட்டில் ஒரு பிடி காணவில்லை. "பல்லில்லாத கழுதைக்கு வந்த வாழ்வைப் பாரு" என்று அம்மா கரண்டியோடு துரத்தினாள். அவன் பீரோ மேல் ஏறி உட்கார்ந்து, எங்கள் இருவரையும் பார்த்து, தொண்டை வரை தெரிய முழுசாக ஒரு கொட்டாவி விட்டான்.